களத்துக்கு ஏன் யாரும் வரவில்லை

தம்பி,

அன்று சாயங்காலம் நீ வாட்ஸ்அப்பில் வைத்த ஸ்டேட்டஸை உன் அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். ‘பசி இருந்தால் வந்திருப்பார்கள். எங்கள் ஆட்களுக்குப் பசி இல்லை, திமிர்தான் இருக்கிறது.’ கீழே காலிக் களத்தின் போட்டோ, ஓரமாக அடுக்கி வைத்த மளிகைப் பைகள். உன் அம்மா இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன். “யாரச் சொல்றான்?” என்று கேட்டாள். நம்மைத்தான் என்றேன். எழுந்து போய் துவைத்த துணியையே மறுபடி துவைக்க ஆரம்பித்துவிட்டாள். அன்றிலிருந்து நீ போனை எடுக்கவில்லை. எடுத்தாலும் இதையெல்லாம் போனில் சொல்ல எனக்கு வராது. பேச ஆரம்பித்தால் திட்டிவிடுவேன். பரம்பரையாக எனக்கு வந்த சொத்து இந்த வாய் ஒன்றுதான். எழுதினால் கொஞ்சம் நிதானமாகப் போகும். காலனியில் யாருக்கு மனு எழுதவேண்டுமானாலும் ஒன்பதாவது படித்த என்னிடம்தான் வருவார்கள் என்பது உனக்குத் தெரியும். கலெக்டருக்கு எழுதிப் பழகிய கையால் மகனுக்கு எழுதுகிறேன். நீ ஊர் பார்க்கத்தானே அதைப் போட்டாய். அதனால் நானும் இதை மறைத்து எழுதவில்லை. உன்னோடு பெங்களூரிலிருந்து வந்த சினேகிதர்களும் படிக்கட்டும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ செய்தது நல்ல காரியம். உன் ஆபீஸ் பையன்களிடம் பேசி, ஆளாளுக்குப் போடச் சொல்லி, அரிசி, பருப்பு, எண்ணெய், ராகி மாவு என்று பார்த்துப் பார்த்து வாங்கி, பை பையாகக் கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு வெயிலில் வந்து நின்றாய். பிள்ளையைப் பெற்றவனுக்கு இதைவிடப் பெருமை என்ன இருக்கிறது? கெலமங்கலம் சந்தைக்குப் போனபோது தெரிந்தவன் தெரியாதவன் எல்லோரிடமும் அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் அந்தப் பைகளை நீ இறக்கி வைத்த இடம் இருக்கிறதே, அந்த இடத்தைப் பற்றித்தான் உன்னிடம் பேசவேண்டும்.

அதற்கு முன்னால் பசியைப் பற்றி. பசி என்றால் உனக்கு என்ன தோன்றுகிறதோ எனக்குத் தெரியாது. எலும்பும் தோலுமாக யாரோ கை நீட்டுவதாகத் தோன்றலாம். நம் தெருவில் பசி அப்படி இருக்காது. நைட்டி போட்டுக்கொண்டு, முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு, கையில் போனை வைத்துக்கொண்டு இருக்கும். கேட்டால், “இப்பத்தான் சாப்ட்டு எழுந்தோம்” என்று சொல்லும். ரேஷனில் அரிசி சும்மா தருகிறார்களே என்பார்கள். தருகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குழம்பு இல்லாத வீட்டில் அரிசி சீக்கிரம் தீரும், தம்பி. வெறும் சோறு வயிற்றில் நிற்காது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்கும். மாதம் பாதி போவதற்குள் அரிசி டிரம்மின் அடி தெரிந்துவிடும். பருப்பு விலையைக் கேட்டுவிட்டு, கேட்டதே போதும் என்று பெண்கள் கடையிலிருந்து திரும்பி வருவதை நான் பார்க்கிறேன். தக்காளி நம் ராயக்கோட்டைப் பக்கம்தான் விளைகிறது. விலை ஏறினால் நம்மால் வாங்க முடியாது, விலை விழுந்தால் பறிக்கிற கூலி கிடைக்காது. எப்படிப் போனாலும் நமக்கு அது லாபமில்லை.

இந்த வருடம் அதற்கு மேல் கம்பெனிகளில் பிரேக் கொடுத்துவிட்டார்கள். ஆர்டர் இல்லை, காண்ட்ராக்ட் ஆட்கள் கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள், கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். சிப்காட் பஸ் நம் ஊருக்குள் வந்து காலியாகத் திரும்பிப் போயிற்று. இப்போது வருவதே இல்லை. எனக்கும் ஹவுஸ்கீப்பிங்கில் வேலை போய்விட்டது. வயதாகிவிட்டது, என்னைத் திரும்பக் கூப்பிடமாட்டார்கள். சம்பளம் போனது எல்லோருக்கும் தெரியும். கேன்டீன் சாப்பாடு போனது யாருக்கும் தெரியாது. நம் தெருவில் பாதிப் பேருக்கு அந்த ஒரு வேளைதான் காய், கூட்டு, மோர் என்று முழுச் சாப்பாடு. அங்கே வயிறாரத் தின்றுவிட்டு வந்து, வீட்டில் “எனக்கு வேணாம், நீங்க சாப்பிடுங்க” என்று பிள்ளைகளுக்கு விட்டுவிடுவார்கள். இப்போது அவர்களும் வீட்டில் உட்கார்ந்து அதே பானையைப் பார்க்க வேண்டியதாயிற்று. போதாததற்குப் பள்ளிக்கூடம் லீவு. எல்லோரும் லீவு வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் என்பார்கள். நம் காலனியில் லீவு விட்டால் காலையில் பள்ளிக்கூடத்தில் போடும் உப்புமாவும் இல்லை, மத்தியானச் சத்துணவும் இல்லை. மே மாதம்தான் இங்கே பஞ்ச மாதம். இதையெல்லாம் நான் போனில் உன்னிடம் புலம்பினேன். நீ கேட்டுக்கொண்டாய். மகன் கேட்டுக்கொண்டான் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

பக்கத்து வீட்டு மஞ்சுளாவைப் பற்றியும் சொன்னேன், ஞாபகமிருக்கும். கர்நாடகத்தில் ஆனேக்கல் பக்கத்துப் பெண். அவள் புருஷன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் வேறு குடும்பம் பிடித்துக்கொண்டான். படுத்த படுக்கையாக ஒரு மாமியார், இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் நந்தினி பத்தாவது எழுதியிருந்தாள். சின்னவள் பவித்ரா நாலாவது. மஞ்சுளா உதிரி பாகங்கள் பிரிக்கிற கம்பெனியில் இருந்தாள், அவளுக்கும் பிரேக். பவித்ரா நாங்கள் சாப்பிடுகிற நேரம் பார்த்து வாசலில் வந்து விளையாடுவாள். உன் அம்மா கூப்பிட்டால், “சாப்ட்டேன் அத்தே” என்று சொல்லிவிட்டு அங்கேயே விளையாடுவாள். நாலாவது படிக்கிற பிள்ளைக்கு அந்தப் பொய்யை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டில் எல்லோரும் பேசுவதைக் கேட்டு வந்ததுதான்.

இனி களத்துக்கு வருகிறேன். பைகளை எங்கே வைத்துக் கொடுக்கலாம் என்று நீ யோசித்துக்கொண்டிருந்தபோது, பெரிய வீட்டுச் சந்துரு, “நம்ம களம் சிமெண்டு போட்டு சும்மாத்தானே கெடக்குது மச்சி, லாரி வந்து திரும்ப எடமும் இருக்குது, நெழலும் இருக்குது” என்று சொல்லியிருக்கிறான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன், நம் வீட்டில் களி தின்றவன். நீ எனக்குப் போன் செய்து, “அப்பா, களத்துல வச்சிக்கலாம்னு இருக்கறோம், நீங்க காலனில எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க” என்றாய். சரி என்றேன். வீடு வீடாகப் போய்ச் சொல்லவும் சொன்னேன். எல்லோரும் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, “எங்க, களத்துலயா?” என்று மட்டும் கேட்டார்கள். ஆமாம் என்றேன். ஒருத்தருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. உனக்கு மட்டும்தான் தேவைப்பட்டது. அந்த விளக்கத்தை உனக்குக் கொடுக்காமல் வளர்த்தது நாங்கள்.

நீ அம்மா வயிற்றில் இருந்த வருடம் வரைக்கும் நான் பெரிய வீட்டில்தான் பண்ணையில் இருந்தேன். ராகி அறுத்து, கட்டு கட்டித் தூக்கி வந்து, களத்தில் பரப்பி, மாட்டைப் பூட்டிக் கல் உருளை ஓட்டி, தூற்றிக் குவிக்கிற வரைக்கும் எல்லாம் நாங்கள்தான். அதுவரை களம் முழுக்க எங்கள் கால்தான் மிதிக்கும், யாருக்கும் அது ஒரு பொருட்டில்லை. தூற்றிய தானியத்தைப் பொலியாகக் குவித்து, அதன்மேல் சாணிப் பிள்ளையார் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டால் போதும், அந்த நிமிடத்திலிருந்து எங்கள் கால் களத்தில் படக்கூடாது. இறங்கி ஓரத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கோயிலுக்கு ஒரு அளவு, இன்னாருக்கு இன்னாருக்கு என்று அளந்து போன பிறகு, களத்தைக் கூட்டி வாரிய மண்ணும் ராகியும் கலந்த கூட்டல்தான் எங்களுக்கு. ஆண்கள் தோளிலிருக்கிற துண்டை எடுத்து விரிக்க வேண்டும், பெண்கள் முந்தானையைப் பிடிக்க வேண்டும். முறத்தால் மேலேயிருந்து கொட்டுவார்கள். முறம் எங்கள் துணியில் பட்டுவிடாமல் கொட்டுவதற்கென்றே ஒரு பழக்கம் அவர்கள் கைக்கு உண்டு. அதை வீட்டுக்குக் கொண்டு வந்து, தண்ணீரில் அலசி, மண் பிரித்து, காயவைத்து அரைத்தால் களி. பல்லில் மண் நறநறவென்று கடிபடும். அதைத் தின்றுதான் உன் அம்மா உன்னைச் சுமந்தாள்.

அந்த வருடம் நல்ல வெயில். வரிசையில் நின்றுகொண்டிருந்த உன் அம்மாவுக்குத் தலை சுற்றிவிட்டது. மாசமாக இருந்தவள், பிடிமானம் தேடி இரண்டு அடி முன்னால் வைத்துக் களத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பொலிக்குப் பக்கத்தில். அவ்வளவுதான். நீ வந்த ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாரே சந்துருவின் அப்பா, அவர்தான் அன்று களத்தில் நின்றவர். அடிக்கவில்லை, கத்தக்கூட இல்லை. “களம் தீட்டாயிடுச்சு, மொழுவிட்டுப் போவச் சொல்லு” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. தலைசுற்றல் தெளியாத உன் அம்மா, மாட்டுக் கொட்டகையிலிருந்து சாணி அள்ளி வந்து, அத்தனை பேர் பார்க்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்த இடத்தை மெழுகினாள். நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினேன். வேறென்ன செய்வேன்? அந்த வருடக் கூட்டலை நாங்கள் வாங்கவில்லை. மறுநாளே ஓசூருக்குப் பஸ் ஏறி, ஒரு கம்பெனிக்கு மண் சுமக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகப் பண்ணையை விட்டு விலகினார்கள். கொஞ்ச வருடத்தில் அந்த வழக்கமே போய்விட்டது. களத்துக்குச் சிமெண்டு பூசிவிட்டார்கள், ராகிக்குப் பதில் அதில் இப்போது காரை நிறுத்துகிறார்கள்.

இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று நானும் உன் அம்மாவும் பேசி வைத்துக்கொண்டதில்லை. தானாகவே அப்படி ஆகிவிட்டது. பிள்ளை நிமிர்ந்து நடக்கட்டும், அவனுக்கு எதற்கு இது என்று இருந்துவிட்டோம். நீயும் நிமிர்ந்துதான் நடந்தாய். சந்துருவோடு தோளில் கை போட்டுக்கொண்டு அந்தக் களத்தில் கிரிக்கெட் விளையாடினாய். பெரிய வீட்டுப் பெரியவரின் காரில் ஏறிப் போய் கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் சேர்ந்தாய். உன்னைப் பார்க்கப் பார்க்க எங்களுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் எதைத் தாண்டி வந்தோம் என்று தெரியாமல் வளர்கிற பிள்ளை, ஒருநாள் அந்த இடத்திலேயே கொண்டுபோய் நம்மை நிறுத்துவான் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

அன்று நான் உன் பக்கத்திலேயே நிற்காமல் தள்ளி நின்றேன் என்று உனக்குக் கோபம். நான் எங்கே நின்றேன் என்று யோசித்துப் பார். களத்துக்கு வெளியே, பாதையில். என் காலுக்கு நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பைகளை அடுக்கிவிட்டு நீங்கள் காத்திருந்தீர்கள். பெரியவர் நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்துகொண்டு, நல்ல மனதோடுதான், “வரச் சொல்லுப்பா எல்லாரையும். நம்ம பையனுங்க குடுக்கறாங்கோ, வந்து வரிசையில நின்னு வாங்கிட்டுப் போவச் சொல்லு” என்று சத்தம் போட்டார். வரிசை என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் காலனி முக்கு வரைக்கும் வந்திருந்த நாலைந்து பெண்கள் அப்படியே திரும்பிவிட்டார்கள். நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அவருக்கு எதுவும் நினைவிருக்காது. அவர் துண்டில் கொட்டியிருந்தால்தானே நினைவிருக்கும். உன் அம்மா மட்டும் வந்தாள், நீ அழைத்தாய் என்பதற்காக. உன் தலையைத் தடவி, “நல்லாருக்குது சாமி” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் அன்று படுத்தது உன்மேல் கோபத்தினால் இல்லை. நீ சிரித்துக்கொண்டு நின்ற இடம் அவள் மெழுகிய இடம்.

மத்தியானம் தாண்டியும் யாரும் வராததால் நீ பைகளைச் சந்துருவின் டிராக்டர் கொட்டகையில் பூட்டிவிட்டு, “யார் வந்து கேட்டாலும் குடு மச்சி, வரலன்னா நாய்க்குப் போடு” என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டாய். நாய்க்கு என்றது என் காதில் விழுந்தது. விடு, கோபத்தில் சொன்னது. நானும் உன் வயதில் அதைவிட மோசமாகப் பேசியிருக்கிறேன்.

நீ போன பிறகு நடந்ததை இனிமேல்தான் சொல்லப்போகிறேன். காலனியில் ஒருத்தரும் கொட்டகைப் பக்கம் போகவில்லை. எனக்கு அதில் ஒரு அற்பச் சந்தோஷம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பசித்தாலும் போகமாட்டோம் பார் என்று பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டே நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். எங்கள் வீட்டில் நீ அனுப்புவது இருக்கிறது, நெஞ்சு நிமிர்வதற்கு என்ன குறை? அப்போதுதான் மஞ்சுளா வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நல்ல புடவை, கையில் பெரிய பை. யார் என்று கேட்டேன். கோயம்புத்தூர்ப் பக்கம் நூல் மில்லுக்குப் பெண் பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறவளாம். நந்தினியை அனுப்பப் போவதாக மஞ்சுளா சொன்னாள்.

“அவ பாஸாயிட்டாளே மா. நல்ல மார்க்கு. பதினொண்ணு சேக்கவாணாமா?” என்றேன்.

“சேக்கலாண்ணா. ஸ்கூல் தொறக்கற வரைக்கும் இன்னா பண்றது? அங்க தங்க எடமும் குடுத்து மூணு வேள சோறு போடறாங்களாம். போட்டோ காமிச்சாங்க. தட்டுல முட்ட கூட இருக்குது.”

சம்பளத்தைப் பற்றி அவள் பேசவே இல்லை, தம்பி. தட்டில் முட்டை இருக்கிறது என்றாள். நந்தினி உள்ளே பாட்டிக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுகிறது. எங்கள் வீட்டில் இருப்பதைக் கொண்டு வந்து தருகிறேன், அனுப்பாதே என்றேன். “பேடாண்ணா” என்றாள். வேண்டாம் என்பதை அவள் எப்போதும் கன்னடத்தில்தான் சொல்வாள். அது அவள் வாயிலிருந்து வந்துவிட்டால் அதற்குமேல் பேச்சு கிடையாது. “அண்ணி மாத்திரைக்கே நீங்க அளந்து அளந்து செலவு பண்றது எனக்குத் தெரியாதா? இன்னும் எத்தினி நாளைக்கு உங்க பானையிலேர்ந்து எடுக்கறது?” என்றாள். உன் அம்மாவின் சர்க்கரை மாத்திரை வரைக்கும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இப்படிச் சுவர் ஒட்டியிருக்கிற வீடுகளில் யாரும் எதையும் மறைக்க முடியாது.

பைகள் கொட்டகையில் இருக்கின்றன. இரண்டு பையைக் கொண்டு வந்து போட்டால் பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் அந்த வீடு தாக்குப்பிடிக்கும். எனக்கு இது உடனே தோன்றியது. உடனே எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன். உன் அம்மாவிடம் கேட்டேன். “போய்ட்டு வாங்க, பொண்ணு படிப்புக்கு முன்னால அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றாள். மெழுகியவள் அவள், அவளே சொல்லிவிட்டாள். தண்ணீர் ஊற்றியவனுக்குத்தான் மனம் வரவில்லை. சந்துருவுக்குப் போன் செய்து கொண்டு வந்து கொடுக்கச் சொல்லலாமா என்று பார்த்தேன். அதற்கும் கை வரவில்லை. ஏன் நீங்களே வரக்கூடாதா என்று அவன் கேட்டால் என்ன சொல்வது? அந்த நாள் அப்படியே கழிந்தது.

மறுநாள் காலையில் எழுந்து குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனேன். அரிசி வாங்கப் போகிறவன் எதற்கு வெளுத்த சட்டை போட்டான் என்று உன் அம்மாகூடக் கேட்கவில்லை. களத்து ஓரம் வரைக்கும் வேகமாகத்தான் போனேன். பெரியவர் அதே நாற்காலியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். சந்துரு காரைக் கழுவிக்கொண்டிருந்தவன், “அங்கிள், வாங்க வாங்க, உள்ள வாங்க” என்று ஓடி வந்தான். ஓரத்திலேயே நின்று, “தம்பி வச்சிட்டுப் போன பை ரெண்டு வேணும் கண்ணு” என்றேன். அவன் கொட்டகையைத் திறந்து இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்தான். அவன் கிட்டே வரும்போது என் கையைப் பார்த்தேன். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை, தம்பி. பெரியவர் இருக்கிறார் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. கை தானாக எடுத்துவிட்டது. என் மகன் வாங்கி, என் மகன் கட்டி வைத்த அரிசியை, பெரிய வீட்டுக் களத்து ஓரத்தில் நின்று துண்டை விரித்து வாங்கினேன். சந்துருவுக்கு ஒன்றும் புரியவில்லை. “எதுக்கு அங்கிள் துண்டு, பைக்குப் புடி இருக்குதே” என்றான். பெரியவருக்குப் புரிந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறந்திருப்பார் என்று மேலே எழுதினேன். மறக்கவில்லை போலிருக்கிறது.

பைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வந்து மஞ்சுளா வாசலில் வைத்தேன். அவள் அடுப்பங்கரையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். நந்தினி எங்கே என்றேன். வேன் அன்று விடிந்ததும் வந்துவிட்டதாம். இன்னும் மூன்று நான்கு ஊர்ப் பிள்ளைகள் அதில் இருந்தார்களாம். “அவளே ஏறிக்கினாண்ணா. நான் இருந்தா சோறு பிரியுது, பவித்ராவுக்கு வெய்யிங்கன்னு சொல்லிட்டு ஏறிக்கினா” என்றாள். நான் வெளுத்த சட்டையைத் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. மஞ்சுளா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பையைப் பிரித்து, பருப்பை எடுத்து, எவ்வளவு இருக்கிறது என்று கையால் தூக்கிப் பார்த்து, அடுப்பைப் பற்ற வைத்தாள். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

மீதிப் பைகளைப் பற்றிச் சந்துருவிடம் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அங்கன்வாடி வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடு, பக்கத்தில் யாரும் நிற்காதே, போட்டோ எடுக்காதே என்று மட்டும் சொன்னேன். அப்படியே செய்தான். யார் எடுத்தார்கள் என்று நானும் போய்ப் பார்க்கவில்லை. சாயங்காலம் அந்தப் பக்கம் போனபோது வாசல் துடைத்தாற்போல் இருந்தது, ஒரு பைகூட மிச்சமில்லை. நம் ஆட்களுக்குப் பசி இல்லை என்று எழுதினாயே, அதற்குப் பதில் அதுதான்.

நாங்கள் வராதது சரியா தவறா என்று நீ கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வந்திருந்தால் அந்த வரிசையை மறுபடி நாங்களே போட்டுக் கொடுத்தவர்களாக ஆகியிருப்போம். வராததால் ஒரு பெண் பிள்ளை நூல் மில்லுக்குப் போய்விட்டாள். இரண்டையும் எடை போட எனக்கு மனத்தில் தராசு இல்லை. மானம் பெரிதா சோறு பெரிதா என்று மேடையில் பேசுகிறவர்கள் சுலபமாகப் பேசிவிடுவார்கள். அவர்கள் யாரும் நந்தினி ஏறிய வேனைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. நீ யாருக்காவது எதையாவது கொடுக்கும்போது, வாங்குகிறவன் எங்கே நிற்க வேண்டியிருக்கிறது என்பதை ஒரு முறை நீ போய் நின்று பார்த்துக்கொள். இதுதான் என்னிடம் இருக்கிற ஒரே புத்தி. அதுவும் காலம் கடந்து வந்த புத்தி.

இந்தப் பைகளால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. விலை இறங்கப் போவதில்லை. கம்பெனி கூப்பிடும் என்கிறார்கள், யாரையும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் திறந்தாலும் பவித்ராவுக்கு மத்தியானம் வரைக்கும்தான் பாடு தீரும், ராத்திரிக்கு அதே டிரம்தான். நேற்று அந்த நல்ல புடவைக்காரி மறுபடி நம் தெருவுக்கு வந்திருந்தாள். வேறு வீட்டுக்குத்தான் வந்தாள். போகிறபோது மஞ்சுளா வீட்டு வாசலில் நின்று, சின்னது என்ன வயசு என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். இந்த வயசிலா என்று மஞ்சுளா கத்தியிருக்கிறாள். இன்னும் கொஞ்ச வருஷம் போகட்டும் என்று சிரித்துக்கொண்டே போனாளாம்.

நீ என்னிடம் பேச வேண்டாம். அம்மாவிடம் பேசினால் போதும், அதுவும் உனக்கு மனம் வரும்போது பேசு. கோபத்தை நீயே வைத்துக்கொள். அரிசி பருப்பு அனுப்பு. சின்னவள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள்.

உன் அப்பா